முப்பத்தெட்டு மாடிக்கு ஒரு பாடை

கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க தம்பி, மூங்கில் முட்டில இடிக்கும். ஒண்ணும் செய்யாது, உக்காருங்க. பாதியா வெட்டித்தான் வாங்கிட்டு வர்றேன். எட்டடி மூங்கில் ரெண்டு, வெட்டுனா நாலு துண்டு, அவ்வளவுதான். இதுக்குப் போய் அந்தக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுங்கிறான். எந்த ரூல்ல மூங்கில்னு போட்டிருக்கு, எடுத்துக் காட்டுன்னேன். வாயை மூடிட்டுப் போய்ட்டான் பாருங்க. இருபத்திரெண்டு வருஷம் யூனியன்ல கிளைச் செயலாளரா இருந்தவன் தம்பி நானு. தில்லைநாயகம்னா எங்க ஆபீஸ்ல ஆபீசரே எந்திரிச்சு நிப்பான். எங்கிட்டயா?

மடில என்ன, மஞ்சப்பை? பத்திரிகையா? யாருக்கு, உங்களுக்கேவா? அட, அப்பிடிச் சொல்லுங்க! தை மாசமா? நல்லது, நல்லாருங்க. வெக்கப்படாதீங்க. சோழிங்கநல்லூர்லதான எறங்கணும்? இன்னும் முக்கா மணி நேரம் ஆகும், ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க. நான் நாவலூர்.

மூங்கில் எதுக்கா? பாடை கட்ட.

அய்யய்யோ, ஏன் மூஞ்சி அப்பிடி ஆகுது? யாரும் சாகல தம்பி. கட்டடத்துக்கு. நாவலூர்ல முப்பத்தெட்டு மாடி ஒண்ணு பாதில நிக்குமே, உச்சியில கிரேன் ஒண்ணு துருப்பிடிச்சுப் போய், பாத்திருப்பீங்க. விண்முகில் ஹைட்ஸ். அதுல பதினேழாவது மாடி எனக்கு. எனக்குன்னா எனக்கும் எங்க வீட்டம்மா மங்கையர்க்கரசிக்கும். எட்டு வருஷம் முன்னாடி புக் பண்ணுனது. மூணு வருஷத்துல சாவின்னான் அந்த பில்டர். நீச்சல் குளம்னான், பூங்கான்னான், மொட்டை மாடியில ஹெலிகாப்டர் எறங்கும்னான். எனக்கு எதுக்குடா ஹெலிகாப்டர், ஒரு அடுப்படி குடுடான்னு அப்பவே கேட்டேன், சிரிச்சான். அந்தச் சிரிப்புலயே நான் சுதாரிச்சிருக்கணும்.

மங்கை அப்பவே பித்தளைப் பானை வாங்கிட்டா. பால் காய்ச்சுறதுக்கு. எட்டு வருஷமா அது பரண்ல, பழைய வேட்டில சுத்தி இருக்கு. வாடகை வீட்டுல அதுல தண்ணிகூட ஊத்த விடமாட்டா. சொந்த வாசல்ல, சொந்த அடுப்புல, மொதல்ல பால்தான் பொங்கணும்பா. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி எறக்கி, புளி போட்டுத் தேச்சு, திரும்பச் சுத்தி மேல வச்சிருவா. என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டா. அந்தக் கேக்காம இருக்கிறது இருக்கே தம்பி, அது வையுறதைவிட மோசம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கட்டடத்துல கீழ மூணு மாடி கடைக்குன்னு விட்டிருந்தான். பொன்னூஞ்சல் பட்டு மாளிகை தெரியுமா? தெரியாமலா, மாப்பிள்ளையாச்சே நீங்க. தி.நகர்ல இருக்கே, முகூர்த்தப் பட்டுன்னா அங்கதான்னு ஊரே ஓடும். அவங்க வர்றதா ஒப்பந்தம். அவங்க அட்வான்ஸ் வந்தப்புறம்தான் நாலு வருஷமா தூங்குன கட்டடத்துல மறுபடி சத்தமே கேட்டுச்சு. லிப்ட் வந்து பெட்டி பெட்டியா எறங்குச்சு. கண்ணாடி வந்துச்சு. முன்னூத்திப் பன்னெண்டு குடும்பமும் ஆகா ஓகோன்னாங்க.

நான் மட்டும்தான் சொன்னேன், ஏமாறாதீங்கன்னு. கடைக்காரன் வந்தா பில்டர் கடையை முடிச்சுக் குடுத்துட்டு நம்மள அம்போன்னு விட்டுருவான்னு. யாரு கேக்குறா? எல்லாம் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற பசங்க. அவங்களுக்குப் போராட்டம்னா ஈமெயில். வீடு புக் பண்ணுனவங்க சங்கத்துக்குச் செயலாளர் பிரவீணான்னு ஒரு பொண்ணு. மீட்டிங்ல அழகா கலர் கலரா படம் போட்டுக் காட்டுது. "அங்கிள், ப்ளீஸ், மூணு வாரம் பொறுங்க. ஆவணியில கடைக்காரங்க வந்து பூஜை போட்டுட்டா பேங்க் மிச்சப் பணத்தை விட்டுரும், லிப்ட் மாட்டிருவாங்க, பொங்கலுக்குள்ள சாவி"ன்னுச்சு. அங்கிளாம். பூஜை போட்டா லிப்ட் மாட்டுவானாம். சாமியும் பில்டரும் கூட்டாளியா?

நான் அந்த ஒரு தகவலை மட்டும் புடிச்சுக்கிட்டேன். என்னைக்குப் பூஜை? ஆவணி, வளர்பிறை புதன். காலைல ஒன்பதரை பத்தரை. கடை முதலாளி குடும்பத்தோட வர்றாரு, பத்திரிகைக்காரன் வர்றான், டிவி வருது. தம்பி, யூனியன்ல எங்களுக்கு முதல் பாடமே இதுதான். கூட்டமும் கேமராவும் தானா சேர்ற நாளு எதுவோ, அதுதான் நம்ம நாளு. நாம ஆளு சேத்தா செலவு, அவன் சேத்த ஆளுக்கு முன்னாடி நின்னா மிச்சம்.

நூதனப் போராட்டம்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்கள்ல? நாமம் போட்டு, சட்டி ஏந்தி, எலியைக் கடிச்சு. அதெல்லாம் நான் பண்ணாதது கிடையாது. பஞ்சப்படி கேட்டு ஒரு தடவை மொத்த ஆபீசும் மொட்டையடிச்சோம், அடுத்த வாரமே ஆர்டர். அதுலயெல்லாம் ராஜா யாருன்னா பாடைதான். பாடை கட்டி, ஒப்பாரி வச்சு, சங்கு ஊதினா எப்பேர்ப்பட்டவனும் எறங்கி வருவான். ஆனா பொணமா படுக்க ஆளு கெடைக்காது. எல்லாப் பயலுக்கும் பயம். பொம்மையை வைப்பாங்க. பொம்மை வச்சா போட்டோ எடுபடாது தம்பி. நான் எப்பவும் நானே படுத்துருவேன்.

ஆமா, நானேதான். பொணம். மூக்குல பஞ்சு, நெத்தியில ஒத்த ரூபா, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, கழுத்துல ரோஜா மாலை. நெஞ்சுல அட்டை, 'விண்முகில் ஹைட்ஸ், தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி'ன்னு. ஓலை பின்னினது நானு, கயிறு கட்டினது நானு, வாசகம் எழுதினது நானு. எங்க பக்கத்துல வந்தது மொத்தம் பதினோரு பேரு. ரிட்டயர்டு ஆளுங்க. பிரவீணா கோஷ்டில ஒருத்தரும் வரல. ஒப்பாரிக்கு நம்ம பேச்சியக்கா. அது எங்க யூனியன் போராட்டம் எல்லாத்துக்கும் வரும். நெசச் சாவுக்கும் போகும், நம்ம சாவுக்கும் வரும். ரெண்டுக்கும் ஒரே அழுகைதான், குறை வைக்காது.

எந்த இடத்துல படுத்தேன் தெரியுமா? கடை வாசல்ல. சரியா வாசப்படிக்கு நேரா, குறுக்க. வாழைமரம் கட்டி, மாவிலை கட்டி, பெருசா கோலம் போட்டு வச்சிருந்தாங்க. கோலத்துக்கு மேலயே பாடையை எறக்கச் சொன்னேன். அங்கதான கேமரா இருக்கும்.

இருங்க, போன் அடிக்குது... பாருங்க, அவளேதான், பிரவீணா. காலைல இருந்து ஆறாவது தடவை. எடுக்க மாட்டேன். சங்கத்து வாட்ஸப் குரூப்புல இருந்து என்னைத் தூக்கினவதான? இப்ப எதுக்கு அங்கிள்? அடிக்கட்டும்.

எங்க விட்டேன்? ஆங், படுத்துட்டேன். படுத்தாச்சுன்னா தம்பி, நமக்கு ஒரு கட்டுப்பாடு. கண்ணைத் திறக்கக் கூடாது. பொணம் கண்ணைத் திறந்தா ஜனம் சிரிச்சிரும், போராட்டம் கெட்டுது. அதனால அதுக்கப்புறம் நடந்தது எதையும் நான் பாக்கல. காதால கேட்டதுதான். சங்கு ஊதுறான். பேச்சியக்கா மாரடிக்குது. "முப்பத்தெட்டு மாடி கட்டி, மூச்சில்லாமப் போனியே என் ராசா"ன்னு, என்னா குரலுங்கிறீங்க! செத்தா இப்பிடிச் சாகணும்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பக் கார் வந்து நிக்குற சத்தம். முதலாளி தெய்வசிகாமணி எறங்குறாரு, அவரு சம்சாரம் எறங்குது. அந்தம்மா கையில ஒரு தாம்பாளம். அது அவங்க கடை வழக்கமாம். எந்தக் கிளை தொறந்தாலும் மொதோ சேலை வியாபாரத்துக்கில்ல. அரக்குக் கலர்ல கூறைப்பட்டு ஒண்ணு, மஞ்சள் குங்குமம் வச்சு, வீட்டம்மா கையால வாசப்படில வச்சுக் கும்புட்டு, கடைக்கு மொதல்ல வர்ற கல்யாணப் பொண்ணுக்குச் சும்மா குடுத்துருவாங்களாம். பத்தொன்பது கடைக்கும் அப்பிடித்தான் குடுத்தாங்களாம். இதெல்லாம் எனக்கு அப்பறம் தெரிஞ்சது.

பேச்சியக்காவுக்கு என்ன தெரியும்? அது அழுகைல இருக்கு, தலைமுடியெல்லாம் மூஞ்சில. நிமிந்து பாத்தா ஒரு பொம்பளை தாம்பாளத்துல புதுத்துணியோட வாசல்ல நிக்குது. எழவு வீட்டுல தாம்பாளத்துல புதுத்துணியோட யாரு வருவா? கோடி போட வந்த சம்பந்தி வீடுதான? நாப்பது வருஷப் பழக்கம், கை தானா நீண்டுருச்சு. "வந்தியா தாயி, கோடி கொண்டாந்தியா"ன்னு அந்தம்மாவைக் கட்டிப் புடிச்சு ஒரு பாட்டம் அழுதுட்டு, தாம்பாளத்துல இருந்த பட்டை எடுத்து, உதறி, என் மேல போத்திருச்சு. ஆம்பளைப் பொணத்துக்கு எதுக்குச் சேலைன்னு அந்த நேரத்துல யாரு யோசிப்பா.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஜில்லுன்னு இருந்துச்சு. கனமா, வழுவழுன்னு. நம்ம ஆளுங்கதான் கொடி போத்துறாங்கன்னு நெனச்சு, மனசுக்குள்ள அவ்வளவு பெருமை. கண்ணைத் திறக்கல பாருங்க, அதுதான் கட்டுப்பாடு.

அப்பறம் ஒப்பாரி நின்னுச்சு. சங்குகூட நின்னுருச்சு. கார் கதவு சாத்துற சத்தம். கார் போற சத்தம். அவ்வளவுதான். முதலாளியும் சம்சாரமும் ஒரு வார்த்தை பேசலையாம். அந்தம்மா தாம்பாளத்தை அப்பிடியே கீழ வச்சுட்டுப் போய் வண்டில உக்காந்துருச்சாம். இதுதான் என் கேள்வி. ஒரு நியாயம் கேக்க வேணாமா? என்னய்யா பிரச்சினை, ஏன் படுத்திருக்கீங்கன்னு குனிஞ்சு ஒரு வார்த்தை? பணக்காரத் திமிரு தம்பி. மறுவாரம் லெட்டர் அனுப்பிட்டாங்க, எங்களுக்கு அந்த இடம் வேண்டாம்னு. பேங்க்காரன் கையை விரிச்சான். லிப்ட் கம்பெனிக்காரன் லாரி கொண்டாந்து பெட்டியைத் திருப்பி ஏத்திட்டுப் போய்ட்டான். வேலையாளுங்க ஊருக்குப் போய்ட்டாங்க. இப்ப அங்க வாட்ச்மேன் ஒருத்தரும் ரெண்டு நாயும்தான்.

எல்லாம் அந்த பில்டர் வேலை. ஆமா, பில்டர்தான் கடைக்காரனைக் கலைச்சு விட்டது. கட்டடத்தை முடிக்க வக்கில்ல, ஒரு சாக்கு வேணும் அவனுக்கு. இதைச் சொன்னா பிரவீணா கத்துது. "அங்கிள், கல்யாணப் பொண்ணுங்க வந்து ஏற வேண்டிய படியில நீங்க பொணமா படுத்தீங்க, எவன் அங்க வந்து பட்டு விப்பான்?"னு. ஏம்மா, படிச்ச பொண்ணுதான நீ? மூடநம்பிக்கை பேசுற? நான் நெசமாவா செத்தேன்? இந்தா, கல்லு மாதிரி உக்காந்து பேசிட்டு வர்றேன்.

இந்த போட்டோவைப் பாருங்க. பேப்பர்ல வந்தது, லேமினேட் போட்டு வச்சிருக்கேன். மூணாம் பக்கம். எவ்வளவு தத்ரூபம் பாருங்க. அந்தச் சேலை ஜரிகைக்கு வெயில் பட்டு மின்னுது பாத்தீங்களா? ஏன் திருப்பிக் குடுத்துட்டீங்க, நல்லாப் பாருங்க.

மங்கை டிவில பாத்திருக்கா. நான் எங்க போறேன்னு சொல்லல, சும்மா மீட்டிங்னுட்டுதான் போனேன். அடுத்த வீட்டம்மா டிவியப் போட்டிருக்கு, நான் மாலையோட கெடக்கேன், சத்தத்தை வேற குறைச்சு வச்சிருந்திருக்கு. பாத்துட்டு ஓடி வந்து, "அக்கா, அண்ணன் போய்ட்டாரே"ன்னு மங்கையைக் கட்டிப் புடிச்சு ஓன்னு அழுதிருக்கு. பத்து நிமிஷம் ரெண்டு பேரும் அழுதிருக்காங்க. அப்பறம் யாரோ போன் பண்ணி, போராட்டம்தான், பயப்படாதீங்கன்னு சொன்னாங்களாம். நான் மத்தியானம் வீட்டுக்குப் போறேன், மாலையைக்கூட இன்னும் கழட்டல, சந்தோஷமாப் போறேன் தம்பி. போய், அந்தப் பட்டுச்சேலையை அவ கையில குடுத்து, "இந்தா, முப்பத்தஞ்சு வருஷத்துல உனக்கு இப்பிடி ஒரு பட்டு வாங்கிக் குடுத்ததில்ல, கட்டிக்க"ன்னேன்.

அவ அதைப் பாத்தா. என்னைப் பாத்தா. "புருஷன் செத்தா பொறந்த வீட்டுலேர்ந்துதான் கோடி வரும். எனக்கு நீங்களே கொண்டாந்துட்டீங்களா"ன்னா. அவ்வளவுதான் பேசுனா. சாயங்காலம் அவ தம்பிக்கு போன் போட்டா, மறுநாள் தென்காசிக்குப் போய்ட்டா. பானையைக்கூட எடுத்துட்டுப் போகல.

ஆவணியில போனவ. நவராத்திரி போச்சு, தீபாவளி போச்சு. நான் ஓட்டல்ல சாப்பிடுறேன். போன் பண்ணுனா மச்சினன் எடுக்குறான், "அக்கா நல்லாருக்கு மாமா"ன்னுட்டு வச்சுருவான். ஒரே ஒரு தடவை அவளே பேசுனா. "சாவி குடுத்தாலும் நான் வர மாட்டேங்க. நீங்க செத்துக் கெடந்த வாசல் வழியா பால் பானையத் தூக்கிட்டு நான் எப்பிடிப் போவேன்?"னு அழறா. அதெல்லாம் சாக்கு தம்பி. எனக்குத் தெரியாதா? கட்டடம் முடியலைன்னு அவளுக்குக் கோவம். எட்டு வருஷம் பொறுத்தவளுக்குக் கோவம் வரத்தான் செய்யும். சாவியை வாங்கிக் கையில வச்சுக்கிட்டு நேரா தென்காசி போய் நின்னேன்னா வந்துருவா. வந்துதான் ஆகணும். அவ இல்லாம அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை? சொல்லுங்க, பதினேழு மாடி ஏறி நான் யாருக்குக் கதவைத் திறப்பேன்?

ச்சே, கண்ணுல தூசி. ஜன்னலைக் கொஞ்சம் எறக்கி விடுங்க.

சேலையா? திருப்பிக் குடுக்கத்தான் போனேன். அடுத்தவன் பொருள் நமக்கு எதுக்கு? தி.நகர் கடைக்கு நேர்ல போனேன். முதலாளியே வெளிய வந்தாரு. உள்ள வாங்கன்னு கூப்பிடல பாத்துக்குங்க, வாசலுக்கு வெளியயே நிக்க வச்சுட்டாரு. ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டு, "ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகட்டும், அதை நீங்களே வச்சுக்குங்க, தயவு செஞ்சு இங்க கொண்டு வராதீங்க"ன்னாரு. அந்தக் கும்புடுலயே தெரியலையா, குற்ற உணர்ச்சி! பில்டர்கிட்ட ஏதோ வாங்கியிருக்காரு. இல்லைன்னா எதுக்கு எனக்குப் பட்டுச்சேலை சும்மா குடுக்கணும்?

இன்னைக்கு எதுக்குப் போறேன்னு சொல்லலையே. வாட்ச்மேன் நேத்து போன் பண்ணாரு. அந்த பிரவீணா நாலு மாசமா ஆள் ஆளாப் பாத்து, ஒரு நகைக்கடைக்காரனைப் புடிச்சுட்டு வந்திருக்காம். தாலி செஞ்சு விக்கிற கடையாம். இன்னைக்குப் பதினொரு மணிக்கு எடம் பாக்க வர்றானாம். மறுபடி அதே நாடகம்! நான் விடுவேனா? காலைல முதல் வேலையா பாரிமுனைல மூங்கில் வாங்கிட்டேன். ஓலை நாவலூர்ல கெடைக்கும். இந்தத் தடவை பேச்சியக்கா வரலைன்னுருச்சு. அந்தப் பதினோரு பேரும் உடம்பு சரியில்லைங்கிறான், பேரன் பொறந்தநாளுங்கிறான். போகட்டும். வெட்டுன மூங்கிலை ஒட்டுப் போட்டுப் பாடை கட்டத் தெரியும், படுக்கத் தெரியும், சங்கு இந்தப் பையில இருக்கு. படுத்துக்கிட்டே ஊதுவேன்.

பையில இன்னொண்ணும் இருக்கு. இந்தாங்க, பாருங்க. அந்தச் சேலைதான். போத்திக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன், உங்களைப் பாத்ததும் வேறொண்ணு தோணுது. அசல் கூறைப்பட்டு. பழைய மடிப்புலயே மடிச்சு வச்சிருக்கேன் பாருங்க. ஒரு மணி நேரம்தான் என் மேல இருந்துச்சு, அப்பறம் யாருமே கட்டல. மொதல்ல வர்ற கல்யாணப் பொண்ணுக்குன்னு நேந்து வச்சது. நீங்க கட்டிக்கப் போற பொண்ணுக்கு வச்சுக்குங்க. பணமெல்லாம் வேணாம், சும்மா தர்றேன், மனசார தர்றேன். தாலி கட்டுறப்ப கட்டிக்கிடட்டும். வாங்கிக்குங்க தம்பி.

ஏன் எந்திரிக்கிறீங்க? இது துரைப்பாக்கம். உங்க ஸ்டாப் இன்னும் வரலை.

பத்திரிகையெல்லாம் எதுக்கு நெஞ்சோட அணைச்சுக்கிறீங்க, நான் என்ன புடுங்கவா போறேன்? அட, கும்புடு வேற போடுறீங்க. எங்கயோ பாத்த கும்புடா இருக்கே. ஓகோ. அப்பிடியா சேதி? நீங்களும் அந்த பில்டர் ஆளுதானா? இவ்வளவு நேரம் பேச்சுக் குடுத்து என் பிளானைப் பூராத் தெரிஞ்சுக்கிட்டீங்க! எறங்குங்க, எறங்கிப் போய்ச் சொல்லுங்க உங்க முதலாளிகிட்ட, தில்லைநாயகம் வர்றான்னு!

என்ன எல்லாரும் பாக்குறீங்க? பதினஞ்சு பேரு நிக்குறீங்க, சீட்டு காலியாத்தான இருக்கு. யாராவது வந்து உக்காருங்க. மூங்கிலை இந்தப் பக்கம் சாச்சுக்கிறேன், இடிக்காது. சேலையையும் மடிச்சு உள்ள வச்சுட்டேன்.

ஏம்மா, நீங்களாவது உக்காரலாம்ல?